தலை ஆடக்கூடாது

செகண்ட் ஷிப்ட் முடித்து ஏறினாள் ஜெசிந்தா.
மணலி தாண்டுமுன்னே தூக்கம்.
இனி ராயபுரம் வரை
அவள் கழுத்துதான் எனக்கு மீட்டர்.

செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளுகிறேன்.
எண்ணூர் விரைவுச் சாலை.
துறைமுகத்துக்குக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் வரிசை,
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
துண்டு துண்டாய்க் கடல்.
பழைய பாலியோ, நாலாம் கியர், எண்பது.

பின்விளக்கில்லாத ஒரு டிரெய்லர்
குறுக்கே ரிவர்ஸ் எடுக்கிறது.

பெருவிரல் பிரேக்கில். கிளட்ச் உள்ளே.
அதே பாதத்தின் வெளி விளிம்பால்
ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு:
குழந்தையைத் தட்டுகிற மாதிரி இல்லை,
கடன்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி.
முள் துள்ளி மூவாயிரத்தைத் தாண்டும் அந்த நொடியில்
மூணாம் கியர் தானே வாய் திறந்து வாங்கிக்கொள்ளும்.
கிளட்சை விட்டால்
இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் ஒரே பேச்சு.

போன மாதம் முள் ஐந்நூறு குறைந்துவிட்டது.
வண்டி மூக்கால் குத்தியது,
டிபன் கேரியர் மடியிலிருந்து பறந்து
கியர் லீவரெல்லாம் ரசம்.
மூன்று நாள் பஸ்ஸில் வந்தாள்.
மழை பெய்தால் இன்னும் பூண்டு மணக்கிறது.

இன்று ஆடவில்லை அந்தத் தலை.
டிரெய்லரைச் சுற்றும்போது ரெண்டாவதும்
வெண்ணெயாய் இறங்கியது.

காசிமேடு சிக்னல். சிவப்பு.
ஐஸ் ஏற்றிய மினி லாரிக்குப் பின்னால் நின்றபடி
நியூட்ரலில், தேவையே இல்லாமல்,
ஒரு தரம் உறுமவிட்டேன்.

"பெட்ரோல் நூறு ரூபா"
என்றாள், கண்ணைத் திறக்காமல்.