பெருக்கல் குறி

வார்டோத் தீவில் டிசம்பருக்குக் காலை கிடையாது.
ஏழு மணி உண்டு. இரண்டு ஏழு.
இரண்டும் ஒரே கறுப்பு.

லொம்பேக்கு வயது பதினொன்று. வலிப்பு நோய்.
பன்னிரண்டு மணிக்கொரு தரம் அரை மாத்திரை,
ஈரல் பசையில் உருட்டி.
பிந்தினால் வலிப்பு. இரட்டித்தால் தள்ளாட்டம்.
இதைச் சொன்ன மருத்துவர் இருப்பது வாட்சேவில்.
பனிக்காற்றில் சாலையை மூடிவிட்டால்
தொலைபேசிக்குள்.

ஃபிரிட்ஜ் கதவில் கட்டம் போட்ட தாள்.
சுன்னிவாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி;
அவள் பூட்ஸைக் கழற்றும் சத்தம்தான் எங்களுக்கு விடியல்.
டோர்லெய்ஃப் நண்டுப் படகு. வந்தால் உண்டு.
இல்வாவுக்குப் பதினான்கு;
கேள்வி முடியுமுன்னே "கொடுத்தாச்சு" என்பாள்.
நவம்பர் கடைசியில்
அடியில், வேறு மையில், நாலாவது பெயர்:
ஜிவிலே. மாடியறை வாடகைக்காரி,
மீன் ஆலையில் கத்தி பிடிப்பவள். நான்தான்.
ஓரெழுத்து பிழை. திருத்தச் சொல்லவில்லை.
வீட்டுச் சாவி தந்தபோதுகூட இவ்வளவு கூசவில்லை.

லொம்பேக்குக் கணக்கு அத்துப்படி.
யார் உள்ளே வந்தாலும்
பிறந்ததிலிருந்து பட்டினி என்ற முகம்.
டப்பா இருக்கும் அலமாரியின் கீழ் உட்கார்ந்து
ஒரு முன்காலைத் தூக்கும்.
பொய்சாட்சி.

அன்று மாலை ஏழின் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி.
நான் படித்தது லித்துவேனியாவில்.
அங்கே சரியென்றால் ஒரு குட்டிக் காக்கை
கட்டத்துக்குள் சிறகு விரித்து இறங்கும்.
அந்தக் குறிக்குப் பெயரே குட்டிக் காக்கை.
பெருக்கல் குறி என்றால் தப்பு. இல்லை. நடக்கவில்லை.
சிவப்பு மையில் எத்தனை வாங்கியிருப்பேன்.

அடடா, மறந்துவிட்டார்களே என்று நினைத்தேன்.
அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, ஒளிப்பானேன்:
இந்த வீட்டில் மறக்காதவள் நான்.
அரை மாத்திரை. ஈரல் பசை.
பெருக்கல் குறியின் மேலேயே என் காக்கையை உட்காரவைத்தேன்.

ஒன்பதரைக்கு லொம்பே சுவரில் மோதியது.
பிறகு நின்ற இடத்திலேயே
அலையில் நிற்பதுபோல் ஆடியது.
இல்வா தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"நான்தான் போட்டிருந்தேனே."
இந்த ஊரில் எந்தப் படிவத்திலும்
ஆமென்றால் பெருக்கல் குறிதானாம்.
யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஒரு தடவைதானே? தூங்கட்டும்.
மூச்சை மட்டும் பாருங்கள்.
அடுத்த வேளையைக் காலையில் சொல்கிறேன்."
மருத்துவர் கொட்டாவியை மென்று விழுங்கினார்.

பார்த்தோம், அடுக்களைத் தரையில் உட்கார்ந்து.
டோர்லெய்ஃப் நண்டு நாற்றம் மாறாத உடுப்போடு,
ஒரு கை நாயின் விலாவில்.
மணிக்கொரு தரம் சுன்னிவா அழைத்தாள்.
யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்
தூங்கப் போயிருப்பேன்.

இரண்டு மணிக்கு டோர்லெய்ஃப்
தாளை விளக்கடியில் பிடித்துக் கேட்டார்:
"காக்கையா? வால் எங்கே?"
இல்வா சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து
போன வாரம் கொடுக்காமலே குறி போட்டதைச் சொன்னாள்.
அவரும் தரையைப் பார்த்தபடி
ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னார்.
லொம்பே குறட்டை விட்டது.

அந்தத் தாளில் இப்போது கடைச்சாமான் எழுதுகிறோம்.
காலையில் மாத்திரையை இரண்டாய் வெட்டுபவர்
பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை
ஜன்னலோரச் சாஸரில் வைத்து டம்ளரைக் கவிழ்ப்பார்.
மாலையில் அது இருந்தால் கொடு.
இல்லையென்றால் போ.
இதற்கு எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம்.

ஜனவரியில் சூரியன் முழுசாய் எழுந்த அன்று
கோட்டையில் பீரங்கி வெடித்தார்கள்.
பள்ளிக்கு விடுமுறை. லொம்பே மேசைக்கடியில்.
வெளிச்சம் கொஞ்ச நேரம் டம்ளருக்குள் நின்றது.
பாதி மாத்திரை; அதன் நிழல்
முழு மாத்திரையைவிட நீளம்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மேசைக்கடியிலிருந்து ஒரு மூக்கு வந்தது,
பின்னாலேயே ஒரு முன்கால்.
இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறதடா, பொய்யா.