உன்னிடமா?

கிளாக்ஸ்விக் துறையில்
காற்று ஏணியைப் பிடித்து ஆட்டிய செவ்வாய் மாலை
படகுக் கம்பெனியின் மாடி அறையில்
மார்யுன் பட்டியலை ஓடவிட்டாள்.
நாற்பத்திரண்டு பயணிகள்.
நாற்பத்திரண்டு பேருக்கும்
உயிர்காப்பு அங்கி: உண்டு.

சரக்கறையில் எண்ணிவிட்டு வந்த பாவ்லி
ஈரத் தொப்பியைக் கழற்றாமலே சொன்னான்:
முப்பத்தொன்றுதான்.
அதிலும் இரண்டுக்கு வார் அறுந்திருக்கிறது.

ஒவ்வொருவராகக் கேட்டாள்.
எய்துன், இருக்கை ஏழு, அங்கி உண்டா?
உண்டு.
கம்பளி மூட்டையோடு ஏறும் சீமுன்?
உண்டு.
பெயரே இன்னும் பதியாத கைக்குழந்தை?
அதற்கும் உண்டு.
எந்த ஆப்ஜெக்டும் தயங்கவில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் பொய் சொல்வதில்லை.
கேட்டால் முதலில் தன் மடியைத் தடவும்.
மடியில் இல்லையென்றால்
ஒரு படி ஏறித் தன் புரோட்டோடைப்பைக் கேட்கும்,
அங்கும் இல்லையென்றால் அதற்கும் மேலே.
எங்கே கிடைத்தாலும் கொண்டுவந்து நீட்டும்.
இரவல் என்று
எங்கும் எழுதியிருக்காது.

அவளும் ஏறிப் போய்ப் பார்த்தாள்.
பயணி என்ற அந்த ஒற்றை வடிவத்தில்
வேலையை விட்டு ஆர்ஹூஸ் போன டோர்சில்
மூன்று கோடைக்கு முன் ஒரு வரி எழுதியிருந்தான்:
அங்கி, உண்டு.
பக்கத்தில் ஒரு குறிப்பு: தற்காலிகம்.

நாற்பத்திரண்டு உடம்புக்கு
ஒரே அங்கி.
அதுவும் யாரும் ஏறாத மாடியில்
ஆணியில் தொங்குகிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி
நீந்தப் பழகியவர்கள் சொன்னதல்ல அது.
அவர்கள் சொல்லியிருந்தால்
கறியைப் பற்றியா கவலைப்பட்டிருப்பார்கள்?

அழித்துப் பார், என்றான் பாவ்லி, எய்துனிடமிருந்து.
அழித்தாள்.
ஆயிற்று என்றது மெஷின்.
மறுபடி கேட்டாள்.
உண்டு.
இல்லாததை அழித்தாலும்
ஆயிற்று என்றுதான் சொல்லும் அது.

பிறகு கேள்வியை மாற்றினாள்.
இருக்கிறதா என்று அல்ல,
உன்னிடம் இருக்கிறதா என்று.
ஒரு சொல்தான் கூடுதல்.
எய்துன், இல்லை.
சீமுன், இல்லை.
திரை நெடுக இல்லை, இல்லை, இல்லை,
இருபத்தாறாம் இருக்கை மட்டும்
உண்டு என்றது.
முன்பதிவில் அந்தப் பெண் தானே நிரப்பியிருந்தாள்:
என் அங்கியை நானே கொண்டுவருகிறேன்,
ஆரஞ்சு நிறம்,
ஜிப் கொஞ்சம் மக்கர்.

மேலே போய் டோர்சிலின் வரியை எடுத்தாள்.
நாற்பத்தொரு பேர்
ஒரே மூச்சில் கழற்றினார்கள்
தாங்கள் அணியாததை.
இப்போது எய்துனைக் கேட்டால்
கேள்வி படிப்படியாக ஏறி
உச்சியில் ஒன்றுமில்லாத இடத்தைத் தொட்டு
வெறுங்கையோடு இறங்கியது.
அவளுக்கு முதல்முறையாக மூச்சு சீரானது.

கீழிருந்து பாவ்லி ஒவ்வொன்றாக எடுத்து
வாரை இழுத்துப் பார்த்துக் கத்தினான்.
அவள் ஒவ்வொரு பெயருக்குள்ளும் எழுதினாள்.
எய்துனிடம், உண்டு.
சீமுனிடம், உண்டு.
பன்னிரண்டு பேர் அடுத்த படகுக்கு நிற்க வேண்டும்,
யாரிடம் எப்படிச் சொல்வது
என்பது தனிக் கவலை.

பெயரில்லாத வரியில் விரல் நின்றது.
ஜன்னலைத் திறந்து கேட்டாள்:
சின்ன அளவு ஒன்று?
காற்று பாதியைத் தின்றுவிட்டது.
உண்டு என்றதுபோல் இருந்தது.

எழுதவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு
படியிறங்கினாள்.