அச்சு நூற்றெழுபது

மூன்றை எட்டென்று எழுதிவிட்டேன்.
நற்பிட்டிமுனையில் ஒரு வீட்டுக்கு
ஐந்நூறு யூனிற் கூடிப்போனது.
ஹிதாயா பில்லோடு கந்தோருக்கே வந்தா:
"எங்கட வீட்டுல ஒரு ஃபேன்தான் தம்பி,
ஐஸ் ஃபெக்டரி இல்ல."

அன்றிரவு கல்முனைச் சந்தியில்
விளக்கு ஒவ்வொன்றுக்கும் வால்,
மேலும் கீழும் இழுபட்டு
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.
எல்லாருக்கும் இப்படித்தான் என்று
இருபத்தொன்பது வருசம் நினைத்திருந்தேன்.

கண்ணாடிக்கடைப் பிரதாபன்
சுவரில் ஒரு சக்கரம் காட்டினான், ஆரக்கால்களோடு.
"எது கறுப்பு?"
நிமிர்ந்து சற்றே சாய்ந்தது கறுப்பு.
படுத்துக் கிடந்தது சாம்பல்.
"எல்லாம் ஒரே மைதான்" என்றான்.

பந்துபோல் இருக்கவேண்டிய கருவிழி
எனக்குக் கரண்டியின் முதுகாம்.
நெடுக்கில் ஒரு வளைவு, குறுக்கில் வேறொன்று;
வெளிச்சம் வந்து
எங்கே கூடுவதென்று தெரியாமல் நிற்கிறதாம்.
துண்டில் எழுதினான்:
சிலிண்டர் ஒன்றேகால், அச்சு நூற்றெழுபது.
கேஸ் சிலிண்டரா என்றேன்.
சிரிக்கவில்லை.

கண்ணாடி போட்ட முதல் இரண்டு நாள்
தரை சரிந்து கிடந்தது.
இல்லாத படிக்குக் காலைத் தூக்கினேன்.
சைக்கிளை உருட்டிக்கொண்டே
ஒழுங்கை ஒழுங்கையாய் மீற்றர் பார்த்தேன்.
மூன்றாம் நாள் நிலம் மட்டத்துக்கு வந்தது.

மறுகா ஹிதாயா வீடு.
மூன்று மூன்றாகவே இருந்தது,
இரண்டு வாயும் திறந்தபடி.

"இப்ப வடிவாத் தெரியுதா?"

"உங்கட மீற்றருக்குள்ள
ஒரு எறும்பு செத்துக் கிடக்குது.
ஆறு காலும் தெரியுது."

"அதையும் பில்லுல ஏத்திராதீங்க."