நான்கு பத்து

ஆறு மணிக்குப் பூட்டவேண்டிய கோவிலை
ஆறே முக்காலுக்குத்தான் பூட்டுகிறேன்.
கெர்த்ரூடா எழுந்திருக்க வேண்டுமே.

சிலேசியாவில் டிசம்பர் என்றால்
பனியும் கறுப்பாகத்தான் விழும்.
பங்கின் காணிக்கையில் பாதியை ஹீட்டர் தின்கிறது.
பார்பராவின் சுரூபத்துக்குக் கீழே
அவள் செபமாலை உருட்டுகிறாள்.
'இப்பொழுதும்' என்ற இடத்தில் மூச்சு வாங்கி
'இறப்பின் வேளையிலும்' என்கிறாள்,
இரண்டும் ஒரே ஊர் என்பதுபோல.

பத்தொன்பது வருடமாக ஒரே கருத்து:
மூன்றாம் மட்டத்தில் வாயு வெடித்த அன்று
நான்கு பத்திலிருந்து மூச்சு நிற்கும்வரை
அலோய்ஸ் பயப்படாமல் இருக்கவேண்டும்.

இருந்திருக்கவேண்டும் என்று திருத்தப் பார்த்தேன்.
முடிந்த காரியத்துக்கு மனுப் போடுவார்களா?
கையுறை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"உனக்கு முடிந்தது. ஆண்டவர் வீட்டில்
காலண்டர் தொங்குகிறதா என்ன?
இன்றைக்கு நான் கேட்பது
அன்றைக்கே அவர் காதில் விழுந்தாயிற்று."

பங்குச்சாமியாரும் ஆமாம் என்றார்.
ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார்.
நடந்தது தெரிந்துவிட்டால் மாற்றிக் கேட்க முடியாது,
தெரியாத இடத்துக்குத்தான் செபம் போகும்.

எனக்குத் தெரியும்.
அதுதான் சங்கடம்.

சாவிக்கொத்து கைக்கு வருமுன்
மீட்புக்குழுவில் இருந்தவன் நான்.
மூன்றாம் நாள், முழங்கால் தண்ணீரில், விளக்கை உயர்த்தினேன்.
மற்ற முகங்களைப் பற்றிச் சொல்லமாட்டேன்.
விளக்கு மங்கினாலே கூச்சல் போடுகிறவன் அலோய்ஸ்,
அன்று தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்,
தலைக்கவசத்தை மடியில் கவிழ்த்து,
ஷிஃப்ட் முடிந்து கூண்டு வரட்டும் என்று
காத்திருக்கிறவன் மாதிரி.
அப்படி யார் உட்காரவைத்தது அவனை?
நான்கு பத்துக்கு இவள்
சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
மாலையின் முதல் மணிகூட
இன்னும் உருளவில்லை.

ஒரு வாக்கியம் போதும்,
இவள் இன்றிரவு தூங்குவாள்.
ஒவ்வொரு டிசம்பரும் நாக்கு நுனிவரை வந்து
திரும்பிப் போகிறது.
தெரிந்துகொண்டால் நிறுத்திவிடுவாள்.
நிறுத்திவிட்டால்
அங்கே, அந்தத் தண்ணீரில்,
அவன் முகம்?

முட்டாள்தனம்தான். சாமியாரிடம் கேட்டால் சிரிப்பார்.
கேட்கவில்லை.

சாவிகள் சத்தம் போடாமல் பிடித்துக்கொண்டு
கடைசி பெஞ்சில் உட்காருகிறேன்.
ஹீட்டர் இன்னும் கொஞ்சம் எரியட்டும்.