முட்டை வண்டி, காலி வண்டி

ஏலத்தில் எடுத்த வண்டி.
கோல்ஃப் மைதானத்துப் புல்
இன்னும் காய்ந்து கிடக்கிறது மிதிக்கட்டைக்கு அடியில்.
மோகனூர் ரோட்டுக் கோழிப்பண்ணை;
ஒன்பதாம் செட்டுக்கு
நடந்தே முந்திவிடலாம் அதை.

"எட்டாயிரந்தானுங்க. அதுக்கு மேல ஒத்தை ரூவா கெடையாது"
என்றார் முதலாளி.

ஈரோட்டில் நசுங்கிய பேட்டரி ஆட்டோவின்
கண்ட்ரோலர், பேரம் பேசி நாலாயிரத்து இருநூறு.
முப்பத்தாறு வோல்ட்டோடு
டிராக்டர் பேட்டரி ஒன்றைக் கோத்தேன்.
தடித்த ஒயர். ஒரு சுற்றுப் பெரிய பழைய டயர்.
மீதிக்கு டீ.

பாவாயி ஓட்டினாள்.
பதினெட்டு, இருபத்தாறு,
போன் முப்பத்தொன்று காட்டியபோது
கூண்டுக் கோழிகள் மொத்தமாய்த் திரும்பின.
மூன்றாம் செட்டு வாய்க்கால் மேட்டில்
அட்டை அட்டையாய் எழும்பி
மஞ்சளாக உட்கார்ந்தது
எங்கள் வேகம்.

முதலாளி ஓடு எண்ணினார்.
கிலோமீட்டரை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு சுவிட்ச், முப்பது ரூபாய்.
முட்டை இருந்தால் பதினாறு.
காலி என்றால் அவள் பாடு.

நாலரைக்குக் கடைசி லோடை இறக்கிவிட்டு
முந்தானையை இழுத்துச் செருகி
மேட்டில் சித்தங்கூரம் நிற்பாள்.
கட்டைவிரலால்
டக்.

மோட்டார் சூடாகிறது, தெரியும்.
இன்னும் சொல்லவில்லை.