எழுத்துக்கும் எடை

கந்தளாய்ப் பக்கமிருந்து
சீனக்குடாவில் என் தராசுக்கு
லேண்ட்மாஸ்டரில் வந்தது ஒரு கொதிகலன் மூடி.
எந்த ஆலை என்று நான் கேட்பதில்லை.
கொண்டுவருகிறவர்களும் சொல்வதில்லை.

பித்தளை இருந்தால் தனி விலை.
ரிஸ்மியாஸ் துருவைச் சுரண்டினான்.
பித்தளை இல்லை,
புடைத்த எழுத்துகள் வந்தன.
ஓர் ஊரின் பெயர்,
நடுவில் ஒன்றைத் துரு தின்றிருந்தது.

போனில் தேடினான்.
காணாமல்போன இடத்தில்
ஒவ்வோர் எழுத்தாய் வைத்துப் பார்த்து
ஆறாவது தடவை அகப்பட்டது:
ஸ்கொட்லாந்தில், ஒரே ஒரு தெரு.
வார்ப்பாலை நின்ற இடத்தில் புல்,
புல்லில் செம்மறிகள்,
படத்துக்குள்ளும் மழை.

"அங்கயும் மூடிட்டாங்களாம் நானா"
என்றான், தோப்பூரில் நேற்று நடந்ததுபோல.

இங்கே ஓகஸ்ட் வெயில்.
இரும்பில் கை வைக்க முடியவில்லை.
அந்தத் தெருவில் எவனோ
மணல் அச்சில் இவற்றை
இடம்வலம் மாற்றி அடுக்கியிருக்கிறான்.
பல்வலியோ, சம்பள நாளோ,
கடைசி எழுத்து கோணலாக விழுந்திருக்கிறது.
யாரும் திருத்தவில்லை.
கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

தொண்ணூற்றாறு கிலோ.
எழுத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன்.

கொண்டுவந்த பொடியன்
இரண்டு தரம் எண்ணிவிட்டுக் கேட்டான்:
இன்னும் மூன்று மூடி கிடக்கு,
அதிலயும் பேர் இருந்தா
விலை கூடுமா?

கூடாது என்றேன்.
அவன் எஞ்சினைக் கிளப்பிய பிறகு
பின்னால் போய்,
சுத்தியலால் அடிக்காமல் கழற்று என்றேன்.
சத்தத்தில் கேட்டதோ தெரியாது.