அரை பாயிண்ட்

எடைமேடை அறையில் இரண்டு நாற்காலி.
ஒன்றில் நான், ஒன்றில் யூபிஎஸ்.
வாழப்பாடி ரோட்டிலிருந்து
கிழங்கு லாரி உள்ளே திரும்பும்போதெல்லாம்
திரை ஒருமுறை நடுங்கி அடங்கும்.

மண் கழிவு இரண்டு சதம் ஏறியிருந்தது.
பழைய மென்பொருளில் அந்த ஒரு எண்ணை மாற்ற
ஈரோட்டுக்காரர் நாலாயிரம் கேட்டார்.
"அந்தக் காசுக்கு நானே படிச்சுக்குவேன்."
வாய் முந்திவிட்டது.
முதலாளி செங்கோட்டுவேல் சிரிக்கவில்லை.
"படி மாதேஸ்வரி. சீசன் முடியறதுக்குள்ள."

ராத்திரி ஷிப்டில் மொழி தேடினேன்,
வாடகைக்கு வீடு தேடுகிற மாதிரி.
முதல் மொழியில்
வாசல் நெடுக சுருள் அடைப்புக்குறிகள்.
ஒன்றைச் சாத்த மறந்தேன்,
நாற்பது தப்பு என்றது.
அடுத்ததில் இடைவெளிதான் இலக்கணமாம்.
என் ஸ்பேஸ்பாருக்குள் மாவு அடைத்துக்கிடக்கிறது,
ஒருமுறை தட்டினால் மூன்று இடம் விடும்.
இன்னொன்று இறங்கவே ஒன்றரை நாள்;
இறங்கி முடித்து
என் வாழ்க்கை லட்சியம் என்ன என்று கேட்டது.
கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

ஐந்து ரோட்டில் பழைய மானிட்டர் விற்கும் பையன்
பென் டிரைவைத் துடைத்துக் கொடுத்தான்.
"பேசிக் மாதிரி ஒண்ணுக்கா.
ஒரு பாட்டு சைஸ்தான்."

கறுப்புத் திரை. ஒரு சொல்: தயார்.
வேறெதுவும் கேட்கவில்லை.

பத்து, இருபது, முப்பது என்று
ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண்.
(வரி என்றாலும் யாரும் கட்ட வேண்டாம்.)
ஏற்காட்டு மலைப்பாதையில்
கொண்டை ஊசி வளைவுக்கு எண் எழுதியிருக்கிற மாதிரி.
பதினேழில் பஸ் நிற்கிறது என்றால் போதும்,
மெக்கானிக் வந்துவிடுவான்.
இதுவும் அப்படித்தான், எங்கே நின்றதென்று
எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தது.

முதல் ராத்திரி
இருபதிலிருந்து பத்துக்குப் போ என்றேன்.
நிறுத்தச் சொல்லத் தெரியவில்லை.
மாதேஸ்வரி மாதேஸ்வரி மாதேஸ்வரி
என்று திரை கொட்டிக்கொண்டே இருக்க,
ஜன்னல் வழியே பார்த்த லாரி டிரைவர்
"யாரு கூப்பிடறாங்க?" என்றார்.

ஒன்பதாம் நாள் நிஜக் கணக்கு.
பேளூர் ஆனைமுத்து, எட்டு டன்.
கழிவு போக இருபத்தாறரை பாயிண்ட் என்றது என்னுடையது.
பழையது இருபத்தாறு என்றது.
என்னுடையதுதான் தப்பு என்று
பென்சிலால் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.
பிறகு பழைய ரசீதுகளை எடுத்தேன்.
ஒன்றில்கூட அரை இல்லை.

பாயிண்டுக்கு நானூறு என்றால்
ஒரு லோடுக்கு ஆயிரத்து அறுநூறு.
பதினோரு வருஷம்.
ஒவ்வொன்றிலும் என் ரப்பர் ஸ்டாம்ப்.

முதலாளி தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.
"அரையை வெட்ட இதுல வழி இருக்குமே?"
இருந்தது. மூன்று எழுத்து.
"போட்டுரு."
நாற்பதாம் வரியில் போட்டேன்.
அவர் பார்த்துவிட்டு, கார் சாவியைச் சுழற்றியபடி போனார்.

வரிகளை ஏன் பத்துப் பத்தாக எண்ணுகிறார்கள் என்று
அப்போதுதான் புரிந்தது.
மறந்துபோனதைப் பிறகு நுழைக்க
நடுவில் ஒன்பது இடம் விட்டிருக்கிறார்கள்.

முப்பத்தைந்து என்று தட்டினேன்.
ஸ்பேஸ்பார் மூன்று இடம் விட்டது, விடட்டும்.
வெட்டுவதற்கு முன்பு
உள்ளது உள்ளபடி ரசீதில் அச்சிடு.

பிரின்டர் கரகரத்தது.
ஆனைமுத்து டியூப்லைட்டுக்கு அடியில் போய்
தாளைத் தூரத் தள்ளிப் பிடித்து
நெடுநேரம் நின்றார்.

"ரெண்டு நம்பர் இருக்குதே, அம்மிணி?"

ஆமாங்க, என்றேன்.
ரெண்டு இருக்கு.